இண்டியானாபொலிஸ் – சிகாகோ ஒரே நாளில் போய் வர: எத்தனை மணிக்குக் கிளம்பணும், எந்த வழி?

கார்மல்_வாசி

வணக்கம். நவம்பர் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. சிகாகோ டவுன்டவுனில், மில்லேனியம் பார்க் பக்கம், காலை 10:30க்கு ஒரு பவர் ஆஃப் அட்டர்னி சான்றொப்பம். நேரில் கையெழுத்துப் போட வேண்டியது, அஞ்சலில் முடியாது. அப்பா, அம்மா, நான், மூன்று பேர். ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு சர்க்கரை, 71 வயது. இரவு தங்க வேண்டாம் என்கிறார்கள்.

கிளம்புவது இண்டியானாபொலிஸை ஒட்டிய கார்மல். வண்டி கேம்ரி, பெட்ரோல். மேப்பில் 180 மைல் சொச்சம், மூன்று மணி நேரம் என்று காட்டுகிறது. ஆறரைக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குப் போய்விடலாம், ஒரு மணி நேரம் கையில் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். சரியா? கட்டணம் வாங்கும் டோல் ரோடா (ஐ-90), இலவச 80/94 நெடுஞ்சாலையா? பார்க்கிங் எங்கே?

மைல்கல்_129

கணக்கில் இரண்டு இடத்தில் பிசகு இருக்கிறது சார். ஒன்று உங்களுக்கு லாபம், இன்னொன்று நஷ்டம்.

முதலில் லாபம். இண்டியானாபொலிஸ் கிழக்கு நேரம், சிகாகோ மத்திய நேரம். 10:30 என்பது உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் 11:30. வடக்கே போகும் ஐ-65 நெடுஞ்சாலையில் நேரம் மாறும் இடம் ஜாஸ்பர், ஒயிட் கவுன்டிகளின் (மாவட்டங்களின்) எல்லை. எக்ஸிட் 193க்கும் ரெமிங்டன் எக்ஸிட் 201க்கும் நடுவே வரும். லேக், போர்ட்டர், லபோர்ட், நியூட்டன், ஜாஸ்பர், ஸ்டார்க் ஆகிய ஆறு கவுன்டிகளும் இண்டியானாவாக இருந்தாலும் சிகாகோ நேரத்தில்தான் ஓடுகின்றன. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் பின்னால் போனாலும் இரண்டு ஊருக்கும் ஒரே நாளில்தான் மாறும், வித்தியாசம் எப்போதும் ஒரு மணி நேரம்.

இப்போது நஷ்டம். 180 மைலில் முதல் 145 மைல் ஒரு பொருட்டே இல்லை. கார்மலில் இருந்து 465 சுற்றுச்சாலை, அப்புறம் 865 இணைப்புச் சாலை, அது உங்களை ஐ-65ல் எக்ஸிட் 129ல் சேர்க்கும். அங்கிருந்து வடக்கே 130 மைல், எக்ஸிட் 259ல் 80/94 குறுக்கே வரும். எக்ஸிட் எண்தான் மைல் எண், லூயிவில் பக்கத்து மாநில எல்லையில் சுழியம், கேரியில் 262. எண்களைக் கழித்தாலே மீதி தூரம் தெரியும், ஜிபிஎஸ் வேண்டாம். கடைசி 35 மைலில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே தூரத்தை வைத்து நேரம் சொல்ல முடியாது, நீங்கள் எத்தனை மணிக்கு அங்கே நுழைகிறீர்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வீட்டு நேரம் 6:30க்குக் கிளம்பினால்:

865 முடிந்து ஐ-65 ஏற 6:45. லஃபாயெட் எக்ஸிட் 172 வர 7:25. அங்கே 15 நிமிடம் நின்றால் 7:40. ஃபேர் ஓக்ஸ் எக்ஸிட் 220 வர 8:20, அதாவது சிகாகோ நேரம் 7:20. எக்ஸிட் 259 வர அங்கத்திய நேரம் 8:00.

வேலை நாளில் காலை எட்டு மணிக்கு 80/94ல் மேற்கே திரும்புவது, அதைத் தாண்டி சிகாகோவுக்குள் போகும் டேன் ரயன் விரைவுச்சாலையில் ஏறுவது, இரண்டும் நெரிசலின் உச்சத்தில் விழுகிறது. சாதாரணமாக 45 நிமிடத்தில் போகிற அந்த 35 மைல் ஒன்றரை மணி நேரம் இழுக்கும். வழியில் ஒரு விபத்து இருந்தால் அதற்கு மேல். ஒன்பதரை, பத்துக்கு டவுன்டவுன். பார்க்கிங் தேடி, லிஃப்ட் பிடித்து, 71 வயதுக்காரரை நடத்திக் கூட்டிப் போய்... 10:30 தவறிவிடும் என்று சொல்லவில்லை, நிம்மதியாக இருக்காது.

காரிலேயே லூப் (சிகாகோ டவுன்டவுன்) வரை போவதானால் வீட்டு நேரம் 4:45க்குக் கிளம்புங்கள். 259க்கு அங்கத்திய நேரம் 6:15. நெரிசல் கட்டத் தொடங்கியிருக்கும், ஆனால் வண்டி நகரும். 7:15, 7:30க்கு உள்ளே. மூன்று மணி நேரம் மிச்சம், அதில் நல்ல காலை உணவு. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த நேரம் கிளம்பினாலும் சூதாட்டம்தான்.

ஸ்கைவே_செல்வம்

80/94 பக்கமே போகாதீர்கள். ஐ-65 அந்தச் சாலையோடு முடிந்துவிடுவதில்லை, அதைத் தாண்டி இன்னும் வடக்கே போய் டோல் ரோட்டைத் தொடும். அங்கே ஐ-90ல் மேற்கே ஏறினால் நேராக ஸ்கைவே என்ற இன்னொரு டோல் சாலை, அது டேன் ரயனில் 66வது தெரு பக்கம் கொண்டு விடும்.

காரணம் டிரக்தான். மிச்சிகன் ஏரியின் தெற்கு முனையைச் சுற்றித்தான் கிழக்கு மேற்கு போகும் எல்லாச் சாலைகளும் நெருக்கியடித்துப் போக வேண்டும். 80, 94 இரண்டு இன்டர்ஸ்டேட்டும் போர்மன் என்று சொல்லும் அந்தத் துண்டில் ஒரே தாராக ஓடுகின்றன. நியூயார்க்கில் இருந்து அயோவா போகிற டிரக்கும் டெட்ராய்ட்டில் இருந்து மில்வாக்கி போகிற டிரக்கும் அங்கே ஒன்றாக நிற்கும். டோல் ரோட்டில் டிரக் குறைவு.

இன்னொரு வசதி: ஸ்கைவேயில் ஸ்டோனி ஐலண்ட் அவென்யூவில் இறங்கி வடக்கே போய் லேக் ஷோர் டிரைவ் பிடித்தால் டேன் ரயனையே தொட வேண்டாம். லேக் ஷோர் டிரைவில் டிரக்குக்கு அனுமதி இல்லை. ஏரிக் கரையோரமாக நேரே மில்லேனியம் பார்க். அப்பா அம்மாவுக்கும் பார்க்க நன்றாக இருக்கும்.

மீனா_ஹேமண்ட்

செல்வம் சொல்வது பாதி சரி. கூட ஒன்றிரண்டு சேர்க்கணும்.

ஸ்கைவே எப்போதும் வேகம் என்பது தவறு. ஸ்கைவே வேகமாக ஓடும், அது டேன் ரயனில் சேருகிற இடத்தில் நிற்கும். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை அந்தச் சேரும் இடமே வால் போல நீளும். ஸ்டோனி ஐலண்ட் வழி நல்ல வழிதான், ஆனால் அது சிக்னல் உள்ள நகரச் சாலை. சிகாகோவில் பூங்கா, பள்ளி பக்கத்தில் வேகக் கேமரா. எல்லையை விட 6 மைல் கூடினால் 35 டாலர், 11 மைல் கூடினால் 100 டாலர். 70ல் ஓட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு 30 மைல் சாலை நடந்து போவது மாதிரி இருக்கும், கால் தன்னால் அழுத்தும். இறங்கியதுமே ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள்.

டோல் விஷயத்தில் நிறையப் பேர் குழம்புவது இது: இண்டியானா டோல் ரோடு ஒருவர் கை, ஸ்கைவே வேறொருவர் கை, இல்லினாய் டோல்வே (294, 88, 355) மூன்றாவது. ஸ்கைவேயை 2005ல் 99 ஆண்டுக் குத்தகைக்கும், டோல் ரோட்டை 2006ல் 75 ஆண்டுக் குத்தகைக்கும் விட்டார்கள். அதனால்தான் இரண்டிலும் கட்டணம் வருடா வருடம் ஏறுகிறது. நான் எண் சொன்னால் அடுத்த வருடம் தப்பாகிவிடும். ஐ-பாஸ் அல்லது ஈ-இசட் பாஸ், இந்த மின்னணு டோல் டேக்குகளில் ஏதாவது ஒன்று இருந்தால் மூன்றிலும் செல்லும். டேக்கைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கணும், கையுறைப் பெட்டிக்குள் கிடந்தால் படிக்காது. வண்டி எண் கணக்கில் சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லினாய் டோல்வேயில் பாஸ் இல்லாமல் போனால் 14 நாளுக்குள் ஆன்லைனில் கட்டிவிடலாம். ஆனால் ஸ்கைவே டோலை அந்தத் தளத்தில் தேடினால் கிடைக்காது, அது வேறு கணக்கு. பலருக்கு அபராதக் கடிதம் வருவது இந்தக் குழப்பத்தால்தான்.

80/94 இலவசம். இரவு ஏழுக்கு மேல், அதிகாலை ஐந்தரைக்கு முன், ஞாயிறு காலை, இந்த நேரங்களில் டோல் கட்டுவது வீண். போர்மனில் இப்போது ஓரப் பட்டையையும் நெரிசல் நேரத்தில் லேனாகத் திறந்துவிடும் வேலை நடக்கிறது. மேலே வளைவில் ஒவ்வொரு லேனுக்கும் ஒரு பலகை. சிவப்பு எக்ஸ் தெரிந்தால் அந்த லேன் மூடல், முன்னால் யாரோ நிற்கிறார்கள் என்று அர்த்தம். சிலர் எக்ஸ் லேனில் காலியாக இருக்கிறதே என்று போய் மாட்டுகிறார்கள்.

94 வழியாக வந்தால் டேன் ரயன் இரண்டாகப் பிரியும்: எக்ஸ்பிரஸ், லோக்கல். நீங்கள் எக்ஸ்பிரஸ் எடுங்கள். லோக்கலில் ஒவ்வொரு எக்ஸிட்டுக்கும் வண்டி ஏறும் இறங்கும். டவுன்டவுனுக்கு இறங்குமிடம் எக்ஸிட் 51I, ஐடா பி. வெல்ஸ் டிரைவ். பழைய ஆட்கள் காங்கிரஸ் பார்க்வே என்பார்கள், இரண்டும் ஒன்றுதான், பலகையில் புதுப் பெயர்தான் இருக்கும்.

கார்மல்_வாசி

நன்றி மீனா அக்கா, செல்வம், மைல்கல் சார். 4:45 என்றால் அப்பா மூன்றரைக்கே எழுந்துவிடுவார். சர்க்கரைக்காரர், தூக்கம் கெட்டால் அன்றைக்கு முழுக்கக் கஷ்டம். வேறு வழி உண்டா?

பர்டூ_சீனியர்

உண்டு. கடைசி 35 மைலை ஓட்டாதீர்கள். சவுத் ஷோர் லைன் ரயில் பிடியுங்கள்.

ஐ-65ல் 80/94 சந்திப்பையும் டோல் ரோட்டையும் தாண்டி வடக்கே போய்க்கொண்டே இருந்தால் சாலை யூஎஸ் 12/20ல் முடியும். அங்கே கிழக்கே திரும்பி லேக் ஸ்ட்ரீட் வரை போனால் மில்லர் ஸ்டேஷன். போர்மனில் ஒரு அடி கூட ஓட்ட வேண்டாம், அந்த நெரிசலின் மேல் பாலமாகக் கடந்து போய்விடுகிறீர்கள். இதுதான் இந்த வழியின் சூட்சுமம். ஈஸ்ட் சிகாகோ ஸ்டேஷனிலும் பெரிய பார்க்கிங் இருக்கிறது, நிறையப் பேர் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் இண்டியில் இருந்து வருபவர் அங்கே போக போர்மனில் எட்டொன்பது மைல் ஓட்டணும். உங்களுக்கு மில்லர்தான்.

கேரிக்கும் மிச்சிகன் சிட்டிக்கும் நடுவே 2024 மே மாதம் இரட்டைப் பாதை வந்தது. அந்த வேலையில் மில்லர் ஸ்டேஷனை முழுக்கப் புதிதாகக் கட்டினார்கள். பிளாட்ஃபார்ம் ரயில் தரை உயரத்துக்கு இருக்கிறது, படி ஏற வேண்டாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். வண்டி நேரே மில்லேனியம் ஸ்டேஷனில் முடியும், ராண்டால்ஃப் தெருவும் மிச்சிகன் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் தரைக்கு அடியில். உங்கள் வேலை இருக்கும் இடத்துக்கு நடை தூரம்.

மூன்று எச்சரிக்கை. ஒன்று, ரயில் அட்டவணை முழுக்க மத்திய நேரத்தில் அச்சிட்டிருக்கும், வீட்டு நேரத்தில் படித்தால் ஒரு வண்டி போய்விடும். இரண்டு, காலை அவசர நேரத்து வேக வண்டிகள் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. மில்லர் என்ற வரிசையில் எண் இருக்கிறதா, கோடு போட்டிருக்கிறதா பாருங்கள். மூன்று, காலை அவசரம் முடிந்தபின் வண்டிகளுக்கு இடைவெளி அதிகம். திரும்பும்போது ஒன்றைத் தவறவிட்டால் நன்றாகக் காத்திருக்கணும்.

ஆம்ட்ராக் (நாடு முழுக்க ஓடும் பயணிகள் ரயில்) பற்றி யாராவது கேட்பார்கள்: கார்டினல் வண்டி வாரம் மூன்று நாள் மட்டும். மற்ற நான்கு நாளும் ஓடிக்கொண்டிருந்த ஹூசியர் ஸ்டேட் 2019 ஜூன் மாதத்தோடு நின்றுபோனது. இந்த வேலைக்கு ஆகாது.

மைல்கல்_129

பர்டூ தம்பி சொன்னது அருமை. எனக்குத் தோன்றவில்லை. அப்படியானால் கணக்கு மாறுகிறது:

வீட்டு நேரம் 5:45 கிளம்பல். 6:40 லஃபாயெட், 15 நிமிடம். 7:35 ஃபேர் ஓக்ஸைத் தாண்டல், அது அங்கே 6:35. 259ஐ மத்திய நேரம் 7:10க்குக் கடக்கலாம். மில்லர் 7:25, 7:30. ரயிலுக்கு ஒரு மணி நேரம் என்று வையுங்கள், உண்மையில் அதற்கும் குறைவு. ஒரு வண்டியைத் தவறவிட்டாலும் 10:30க்கு முன் உள்ளே இருப்பீர்கள். லூப் பார்க்கிங் செலவும் மிச்சம்.

கார்தான் என்று முடிவெடுத்தால் பார்க்கிங்கை முதல் நாளே ஸ்பாட்ஹீரோ மாதிரி செயலியில் வாங்கிவிடுங்கள். வாசலில் போய் டிக்கெட் எடுப்பதை விட நன்றாகவே குறையும். வாங்கும்போது உள்ளே நுழையும் நேரம், வெளியேறும் நேரம் இரண்டையும் பாருங்கள், பத்து நிமிடம் தாண்டினாலும் அடுத்த கட்டணம்.

திரும்புவதுதான் யாரும் யோசிக்காதது. போகும்போது கிடைத்த ஒரு மணி நேரத்தைத் திரும்பும்போது கொடுத்துவிட வேண்டும். டவுன்டவுனில் மதியம் 12:30க்கு ரயில் ஏறினால் மில்லரில் 1:30, வீட்டு நேரம் 2:30. 865க்கு 4:45 வாக்கில் வந்துவிடலாம், 465 நெரிசல் கனக்கும் முன். காரில் லூப்பிலேயே இருந்தால் 1:00 தாண்டாதீர்கள். தாண்டிவிட்டால் பேசாமல் மாலை 6:30 வரை அங்கேயே இருந்துவிடுவது மேல், நடுவில் கிளம்பினால் டேன் ரயனில் நின்று, போர்மனில் நின்று, இருட்டில் 130 மைல்.

காற்றாலை_219

இருட்டு என்றதும் சொல்கிறேன், அந்த 130 மைலைப் பொருட்டே இல்லை என்று மைல்கல் சார் எழுதியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நவம்பரில் அது பொருட்டுதான்.

லஃபாயெட் தாண்டியதும் மரம் கிடையாது. சோளமும் சோயாவும் அறுவடையாகி வெறும் நிலம். மெடோ லேக் காற்றாலைகளை அங்கே நட்டிருப்பது சும்மா இல்லை. மேற்கிலிருந்து காற்று தடையின்றி வரும். பெரும்பாலான தூரம் ஒரு பக்கத்துக்கு இரண்டே லேன், ஒரு டிரக் இன்னொரு டிரக்கை மெதுவாக முந்திக்கொண்டிருக்கும்.

வடக்கே போகும்போது டிரக்கை முந்தினால் நீங்கள் மேற்குப் பக்க லேனில் இருப்பீர்கள். காற்று உங்களை டிரக்கை நோக்கித் தள்ளும், முந்தும் நேரம் முழுக்க ஒரே சீராக. ஸ்டீயரிங்கை லேசாக இடப்பக்கம் பிடித்தே ஓட்டணும். தெற்கே திரும்பும்போது கதை வேறு. டிரக் உங்களுக்கும் காற்றுக்கும் நடுவே சுவராக நிற்கும், வண்டி அமைதியாக ஓடும். டிரக்கின் மூக்கைத் தாண்டிய நொடி காற்று வலப்பக்கம் அறையும், வண்டி நடுப் புல்வெளியை நோக்கி ஒரு முழம் தாவும். ஆபத்து இதில்தான். பயந்து வலப்பக்கம் வெடுக்கென்று திருப்பினால் டிரக்கின் முன்னால் போய்விடுவீர்கள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் வைத்து, வரப்போகிறது என்று எதிர்பார்த்திருந்தால் ஒன்றுமில்லை. கேம்ரி தாழ்ந்த வண்டி, கொஞ்சம் பரவாயில்லை. வேன் எடுத்துப் போகிறவர்கள் இதைப் படிக்கவும்.

மான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நவம்பரில் அதிகம், விடியலிலும் அந்தியிலும். நவம்பர் நடுவில் அந்தப் பக்கம் சூரியன் மறைவது மத்திய நேரம் 4:30 வாக்கில், வீட்டு நேரத்தில் 5:30. ஒன்று தாண்டினால் பின்னால் இன்னொன்று வரும். நேராகப் பிரேக் அடியுங்கள், ஒடித்துத் திருப்ப வேண்டாம். மானில் மோதி வண்டி நொறுங்கும், பள்ளத்தில் உருண்டால் ஆள் போய்விடும்.

பனி: ஏரியிலிருந்து வரும் பனி ஒரு பட்டையாக விழும். லஃபாயெட்டில் வெயில் அடிக்கும், கிரவுன் பாயிண்டில் கண் தெரியாது. இண்டியானா கவுன்டி வாரியாகப் பயண நிலை வெளியிடும். மஞ்சள் அட்வைசரி, ஆரஞ்சு வாட்ச், சிவப்பு வார்னிங். சிவப்பு என்றால் அவசர வண்டி தவிர யாரும் போகக் கூடாது. ஒயிட், ஜாஸ்பர், லேக், மூன்று கவுன்டியையும் பாருங்கள். இண்டியின் வானிலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

சட்டம் ஒன்று: 2015லிருந்து இண்டியானாவில் பின்னால் வேகமாக வருபவருக்கு இடது லேனை விட்டுத்தரணும், இல்லையென்றால் டிக்கெட். கார் எல்லை 70, போர்மனில் 55. 2020 ஜூலையிலிருந்து போனைக் கையில் பிடிக்கவே கூடாது.

டயர்_மணி

வண்டிக்கு முதல் நாள் இரவு பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

டயர் காற்றை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அளங்கள். எண் ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டிய தாளில் இருக்கும், டயரின் பக்கவாட்டில் இருப்பது அதிகபட்சம், அதை அடிக்காதீர்கள். வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் சுமார் ஒரு பிஎஸ்ஐ குறையும். செப்டம்பரில் 80 டிகிரியில் 35 வைத்தவருக்கு நவம்பர் விடிகாலை 30 டிகிரியில் 30தான் இருக்கும். காலையில் டயர் காற்றுக் குறைவு என்று அந்த மஞ்சள் விளக்கு எரிவதற்கு ஆணி காரணமில்லை, குளிர்தான் காரணம். ஆனால் நான்கும் ஒரே அளவு குறையாமல் ஒன்று மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் ஆணியைத் தேடுங்கள்.

கண்ணாடி கழுவும் நீர். இதை யாரும் பார்ப்பதில்லை. கோடையில் ஊற்றிய நீர் 32 டிகிரியில் உறையும். டிரக் பின்னால் போகும்போது உப்புக் கலந்த சேறு கண்ணாடியில் அப்பும், பொத்தானை அழுத்தினால் ஒன்றும் வராது, அல்லது வந்து கண்ணாடியிலேயே பனியாக உறையும். 70 மைல் வேகத்தில் எதிரே ஒன்றும் தெரியாது. மைனஸ் 20 டிகிரி என்று எழுதிய கேனை வாங்கி, இருப்பதைப் பீய்ச்சித் தீர்த்துவிட்டு ஊற்றுங்கள். பழையதின் மேல் ஊற்றினால் கலந்து பலம் குறையும்.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா பாருங்கள். புது வண்டிகள் பலவற்றில் காற்றடிக்கும் கருவியும் ஒரு பாட்டில் பசையும் மட்டுமே. அது ஆணி ஓட்டைக்கு ஆகும், பக்கவாட்டுக் கிழிசலுக்கு ஆகாது. வீல் லாக் போட்டவர்கள் அதன் சாவி வண்டிக்குள்தான் இருக்கிறதா பாருங்கள்.

பெட்ரோல்: போய் வர 360 மைல். கேலனுக்கு 28 மைல் என்றால் 13 கேலன், உங்கள் டேங்கில் அதற்கு மேல் அதிகம் மிஞ்சாது. போகும்போது வடமேற்குக் காற்று எதிரே அடித்தால் மைலேஜ் விழும். நிரப்பிக் கிளம்பி, திரும்பும்போது எக்ஸிட் 253 மெரில்வில்லில் போட்டுக்கொள்ளுங்கள். சிகாகோவுக்குள் போடாதீர்கள், அங்கே மாநில வரி போக கவுன்டி, நகர வரி வேறு.

மின் வண்டிக்காரர்களுக்கு: குளிர், எதிர்க்காற்று, 70 மைல் மூன்றும் சேர்ந்தால் திரையில் காட்டும் தூரம் கிடைக்காது. லஃபாயெட்டில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

சாந்தி_ஃபிஷர்ஸ்

வண்டியைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். நான் பின்சீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

தம்பி, அப்பாவின் மாத்திரை, ஊசி எல்லாம் அன்று முழுக்க வீட்டு நேரப்படியே போகட்டும். அவர் கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம். போன் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போகும், அதில் அலாரம் வைத்திருந்தால் 8:30 மாத்திரை 9:30க்கு அடிக்கும். ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். இன்சுலின் என்றால் சின்ன ஐஸ் பை, ஆனால் மருந்து ஐஸைத் தொடக்கூடாது, துணி சுற்றி வையுங்கள். காரில் விட்டுப் போகக் கூடாது, உறைந்த இன்சுலின் வீண். குளுக்கோஸ் மாத்திரையோ சின்ன ஜூஸ் டப்பாவோ டிக்கியில் இல்லாமல் கைக்கு எட்டும் இடத்தில்.

சாப்பாடு: 5:45க்கு இட்லி இறங்காது. எட்டு இட்லியை மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவி டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், லஃபாயெட்டில் நிற்கும்போது சாப்பிடலாம். சட்னி வேண்டாம், வண்டியில் சிந்தினால் மூன்று மணி நேரம் வாடை. தயிர்சாதத்தைக் காலையிலேயே பால் அதிகம் தயிர் குறைவாகப் பிசைந்தால் மதியம் புளிக்காமல் சரியாக இருக்கும். வெளியே வாங்குவதானால் சைவத்துக்கு லஃபாயெட் எக்ஸிட் 172ல் எல்லாச் சங்கிலிக் கடைகளும் உண்டு. பீன்ஸில் கறிக் கொழுப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கடைக்குக் கடை மாறும்.

கழிப்பறைக்கு எக்ஸிட் 220 ஃபேர் ஓக்ஸ் நல்ல இடம். பெரிய பால் பண்ணை, சுத்தமாக இருக்கும், சீஸ் ரொட்டியும் பாலும் கிடைக்கும். விடிகாலையில் திறந்திருக்காது, திரும்பும்போது நிற்கலாம். வழியில் உள்ள ரெஸ்ட் ஏரியாக்களைப் புதுப்பிக்க அவ்வப்போது மூடுகிறார்கள், அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். 253 தாண்டிவிட்டால் ஸ்டேஷன் வரை நல்ல இடம் தேடுவது கஷ்டம், அதற்கு முன்பே ஒருமுறை நிறுத்திவிடுங்கள்.

பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம், இண்டியானாவிலும் இல்லினாயிலும். ஊரில் பழக்கமில்லாததால் அம்மா வேண்டாம் என்பார். புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, இடுப்புப் பட்டையை வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட்டுவிடுங்கள், அழுத்தாது.

கார்மல்_வாசி

அக்கா, மிக்க நன்றி. ரயில் வழிதான் போகிறேன். ஒரே ஒரு கவலை: ஐ-65 நடுவில் விபத்தாகி மூடிவிட்டால்?

மைல்கல்_129

அதற்கும் வழி வைத்துக்கொண்டுதான் கிளம்பணும். 2015 ஆகஸ்டில் லஃபாயெட் பக்கம் வைல்ட்கேட் க்ரீக் பாலத்தில் வடக்கே போகும் பாதையை ஒரு மாதம் மூடினார்கள், அப்போது எல்லாரும் இந்தச் சாலைகளைக் கற்றுக்கொண்டார்கள்.

லஃபாயெட்டுக்குத் தெற்கே அடைப்பு என்றால் லெபனானில் யூஎஸ்-52 பிடியுங்கள், அது நேரே லஃபாயெட் கொண்டு விடும்.

லஃபாயெட்டுக்கும் ரெமிங்டனுக்கும் நடுவே என்றால் எக்ஸிட் 178ல் இறங்கி மாநிலச் சாலை 43ல் வடக்கே, ப்ரூக்ஸ்டன் வழியாக ரெனால்ட்ஸ். அங்கே யூஎஸ்-24ல் மேற்கே திரும்பினால் 201ல் மறுபடி ஐ-65.

ரெமிங்டனுக்கு வடக்கே என்றால் 201ல் இறங்கி யூஎஸ்-24ல் மேற்கே கென்ட்லேண்ட், அங்கிருந்து யூஎஸ்-41ல் வடக்கே. நான்கு வழிச் சாலை, நன்றாக ஓடும். ஆனால் லேக் கவுன்டிக்குள் நுழைந்ததும் செயின்ட் ஜான், ஷெரர்வில், ஹைலேண்ட் என்று சிக்னலுக்கு மேல் சிக்னல். 41ல் போய்விட்டால் மில்லர் எதிர்த்திசை ஆகிவிடும், அப்போதுதான் ஈஸ்ட் சிகாகோ ஸ்டேஷன். ஹைலேண்டிலிருந்து இண்டியானாபொலிஸ் புலவார்டில் நேரே வடக்கே, போர்மனுக்கு அடியில் கடந்து போனால் ஸ்டேஷன் அந்தச் சாலையிலேயே.

யூஎஸ்-231 மேப்பில் ஐ-65 பக்கத்திலேயே போவது போலத் தெரியும், ஜிபிஎஸ் எல்லாரையும் அதில்தான் தள்ளும். ரென்சலேர், டிமாட் ஊர்களுக்குள் ஒற்றை லேன், டிரக் எல்லாம் அதில்தான் ஏறும். 41 சுற்று என்றாலும் சீக்கிரம் போகும்.

எந்த அடைப்பாக இருந்தாலும் எக்ஸிட்டைத் தாண்டும் முன் தெரிந்தால்தான் பயன். வடக்கே எக்ஸிட்டுகள் தொலைவு, 230ஐ விட்டால் அடுத்தது 240. லஃபாயெட்டில் நிற்கும்போது 511 இண்டியானா செயலியில் 172 முதல் 259 வரை பாருங்கள். ஃபேர் ஓக்ஸ் தாண்டும் முன் பக்கத்தில் இருப்பவர் இன்னொரு முறை பார்க்கட்டும்.

கார்மல்_வாசி

எழுதி வைத்துக்கொண்டேன். 5:45 கிளம்பல், 172ல் இட்லி, 253ல் கடைசி நிறுத்தம், மில்லர், 12:30 ரயிலில் திரும்பல், 220ல் பால், இருட்டுக்கு முன் வீடு. கழுவும் நீர் நேற்றே மாற்றிவிட்டேன். பீய்ச்சித் தீர்க்க நெடுநேரம் ஆனது.

மீனா_ஹேமண்ட்

தம்பி, ஒன்று விட்டுப்போச்சு. போன் காலண்டரில் 10:30 என்று கார்மலில் உட்கார்ந்து போட்டிருந்தால் அது கிழக்கு நேரம் 10:30ஆகப் பதிவாகியிருக்கும். சிகாகோ போனதும் 9:30 என்று காட்டும். நிகழ்வைத் திறந்து நேர மண்டலத்தை சிகாகோ என்று மாற்றிவிடுங்கள்.

கார்மல்_வாசி

பார்த்தேன் அக்கா, கிழக்கு நேரம் என்றுதான் இருந்தது. மாற்றிவிட்டேன். இப்போது வீட்டில் 11:30 என்று காட்டுகிறது.